கானாடுகாத்தானுக்கு ஒரு நாள்

டூர் என்றாலே ஊட்டி, கொடைக்கானல்தானா? காரைக்குடிக்குப் பக்கத்தில் கானாடுகாத்தான் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. சிவில்காரன் அவசியம் பார்க்கணும்.

தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேர். முன்வாசல் இந்தத் தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில்! நகரத்தார் பர்மா, மலேயா போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். தூண்களுக்குப் பர்மாத் தேக்கு. சுவரைத் தொட்டுப் பாருங்கள், வழவழ என்றிருக்கும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு அது. பெயிண்ட் கம்பெனிக்காரன் பார்த்தால் அழுவான்!

தரையில் ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடியும் பக்கத்து ஊர்தான்; செய்வதை நேரிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்ட் கரைசலை ஊற்றி, மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப் போட்டுக் காய வைக்கிறார்கள். சூளையே கிடையாது. நாம் லேபில் கியூப் போட்டு கியூரிங் பண்ணுகிறோமே, அதேதான். பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான், அங்கிருந்த சொத்து போச்சு. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். பராமரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன.

போகிறவர்கள் டேப்பும் நோட்டும் எடுத்துப் போங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு முற்றத்தையாவது அளந்து பிளான் போட்டு வாருங்கள்.