வளர்ந்த பிறகும் விடாத பூச்சாண்டி

உலகத்தையே பயமுறுத்திய திரைப்பட இயக்குநர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1899-இல் லண்டனை ஒட்டிய லெய்டன்ஸ்டோன் என்னும் ஊரில் காய்கறிக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். திகில் படம் எடுப்பதில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். அப்படிப்பட்டவருக்குப் போலீஸ்காரர் என்றால் நடுக்கம்! காரணத்தை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஐந்தாறு வயதில் ஏதோ குறும்பு செய்தாராம். தந்தை ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினாராம். சீட்டைப் படித்த காவலர், பையனைச் சில நிமிடங்கள் அறைக்குள் அடைத்துப் பூட்டினாராம். அந்தச் சில நிமிடப் பயம் வாழ்நாள் முழுவதும் தம்மை விடவில்லை என்பார் ஹிட்ச்காக். கதையை அவர் சற்று மெருகேற்றிச் சொன்னார் என்போரும் உண்டு. ஆனால் இது நமக்குப் புதிய கதையா என்ன? “சாப்பிடாவிட்டால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்ற மிரட்டலைக் கேட்காத குழந்தை நம் ஊரிலும் குறைவுதான்.

உங்களைச் சுற்றியுள்ள பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். அலுவலகத்தில் பத்துப் பேரை நடத்துகிறவர், சுவரில் பல்லியைக் கண்டால் அறையை விட்டே வெளியேறுவார். இரவில் கொல்லைப்புறம் போக ஒருவருக்குத் துணை வேண்டும். இடி இடித்தால் இன்னொருவர் காதைப் பொத்திக்கொள்வார். பல்லி தம்மை ஒன்றும் செய்யாது என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் பயம் போவதில்லை? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போம்.

பயத்துக்கும் வயது உண்டு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பயம் ஒரு நோயன்று. அது நம்மைக் காக்கும் காவலாளி. பச்சைக் குழந்தையின் அருகில் படாரென்று ஓசை கேட்டால் அது திடுக்கிடும். தாங்கும் பிடி சற்றுத் தளர்ந்தால் இரு கைகளையும் விரித்து உதறும். இவை யாரும் கற்றுக் கொடுக்காமல் வருபவை. எட்டு மாதத்தை ஒட்டி, புது முகத்தைக் கண்டால் அழத் தொடங்கும். மூன்று நான்கு வயதில் கற்பனை வளர்கிறது. அதனோடு இருட்டும் பேயும் பூதமும் வந்து சேர்கின்றன. பள்ளிக்கூட வயதில் அடிபடுதல், இடி மின்னல் போன்றவை பயமுறுத்தும். உங்கள் வயதில் பரீட்சையும், நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்ற நினைப்பும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. பெரும்பாலான பயங்கள் பால்பற்களைப் போல உரிய காலத்தில் தாமாக விழுந்துவிடும். சில மட்டும் விழாமல் நின்றுவிடுகின்றன.

ஆல்பர்ட்டும் வெள்ளெலியும்

1920-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்னும் இரு உளவியலார் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். அவர்கள் ‘ஆல்பர்ட்’ என்று குறிப்பிட்ட குழந்தை, ஒன்பது மாதத்தில் வெள்ளெலி, முயல், நாய் எதற்கும் பயப்படவில்லை. கையை நீட்டித் தொடவே முயன்றது. குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆனபோது பரிசோதனை தொடங்கியது. குழந்தை எலியைத் தொட்டபோது, அதன் தலைக்குப் பின்புறத்தில் தொங்கிய எஃகுத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். குழந்தை துள்ளி விழுந்தது. எலியையும் ஓசையையும் இப்படி ஒருவார இடைவெளியில் இரண்டு நாட்களாக, மொத்தம் ஏழு முறை சேர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகு ஓசையே தேவைப்படவில்லை. எலியைக் கண்டதுமே குழந்தை அழுதுகொண்டு தவழ்ந்து ஓடியது!

வியப்பு இத்துடன் நிற்கவில்லை. சில நாள் கழித்து முயலைக் காட்டினால் அழுகை. நாயைக் கண்டாலும், உரோமக் கோட்டைக் கண்டாலும் கலக்கம். மரக்கட்டைகளோடு மட்டும் வழக்கம்போல் விளையாடியது. எலியின் மீது ஏற்பட்ட பயம், அதைப் போல் உரோமம் உள்ளவற்றுக்கெல்லாம் பரவிவிட்டது. பயம் பிறவிக்குணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அது கற்றுக்கொள்ளப்படுவதும் உண்டு என்று இதன் மூலம் வாட்சன் வாதிட்டார்.

ஒரே ஒரு குழந்தையை வைத்துச் செய்த சோதனை என்பது இதன் குறை. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. உண்டாக்கிய பயத்தைப் போக்குவதற்கு முன்பே குழந்தை அங்கிருந்து சென்றுவிட்டது. பேசத் தெரியாத ஒரு குழந்தையை அழவைத்துப் பெற்ற அறிவு அது. இன்றைய ஆராய்ச்சி நெறிமுறைகள் இத்தகைய சோதனையை அனுமதிக்கமாட்டா.

கடித்தால்தான் பயம் வருமா?

பாம்பைக் கண்டு நடுங்கும் எல்லாரையும் பாம்பு கடித்ததில்லை. 1977-இல் ஸ்டான்லி ராக்மன் என்னும் உளவியலார், பயம் நம்மிடம் வந்து சேர மூன்று வழிகள் உண்டு என்றார். நேரடி அனுபவம் ஒன்று. பிறர் பயப்படுவதைப் பார்த்துக் கற்பது மற்றொன்று. கேட்ட செய்தியும் கதையும் மூன்றாவது.

இரண்டாவது வழியைக் குரங்குகளிடம் சோதித்தார்கள் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகள் பாம்புக்குப் பயப்படவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்ததும், அவையும் விரைவிலேயே பயப்படக் கற்றுக்கொண்டன. 1989-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு வேடிக்கை செய்தார்கள். ஒளிநாடாவை வெட்டி ஒட்டி, குரங்கு ஒன்று பூவைக் கண்டு பதறுவது போலக் காட்டினார்கள். அதைப் பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படவில்லை. பொம்மைப் பாம்பைக் கண்டு பதறும் காட்சியைப் பார்த்தவையோ பயந்தன! எதற்கு எளிதில் பயப்படலாம் என்ற ஒரு சாய்வு உயிரினங்களின் நீண்ட பரிணாம வரலாற்றில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது போலும். மின்சாரமும் சாலையும் பாம்பைவிடக் குறைந்த ஆபத்து உடையவை அல்ல. ஆனாலும் ஸ்விட்ச் பலகையைக் கண்டு அலறுகிறவர் எத்தனை பேர்?

மூன்றாவது வழியும் புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், 1700-இல் வெளிவந்த தம் நூலின் நான்காம் பதிப்பிலேயே இதை விளக்கியிருக்கிறார். இருட்டுக்கும் பேய்க்கும் இயற்கையில் எந்தத் தொடர்பும் இல்லை. பணிப்பெண் ஒருத்தி சொல்லும் கதைகளே குழந்தையின் மனத்தில் இரண்டையும் முடிச்சுப் போடுகின்றன. அந்த முடிச்சு வாழ்நாள் முழுவதும் அவிழாமற் போகலாம் என்றார் அவர்.

மூளையின் இரு பாதைகள்

மங்கிய ஒளியில் கயிற்றைப் பாம்பென்று எண்ணி மிரளும் உதாரணம் நம் தத்துவ நூல்களில் பழைமையானது. அந்த ஒரு கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது? மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு வடிவில் இரண்டு பகுதிகள் உள்ளன. அவற்றுக்கு அமிக்டலா என்று பெயர். ஆபத்தின் அறிகுறி கிடைத்தவுடன் உடலை ஆயத்தப்படுத்துவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. எலிகளை ஆராய்ந்த ஜோசப் லெடூ, புலன் செய்தி அமிக்டலாவுக்கு இரண்டு பாதைகளில் செல்வதைக் காட்டினார். ஒன்று குறுக்குவழி, வேகமானது, ஆனால் செய்தி தெளிவற்றது. மற்றொன்று மூளையின் மேற்பட்டையைச் சுற்றி வருவது; தாமதமானது, ஆனால் தெளிவானது. “இது கயிறுதான்” என்ற தீர்ப்பு வந்து சேர்வதற்குள் இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கால் பின்வாங்கிவிடுகிறது.

பல்லி தீங்கு செய்யாது என்று தெரிந்தும் பயம் வருவதன் இரகசியம் இதுதான். உங்கள் அறிவு பேசத் தொடங்கும் முன்பே உடல் ஓடத் தயாராகிவிடுகிறது. மேலும், இரண்டு மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகளை நாம் பெரும்பாலும் நினைவுகூர முடிவதில்லை. ஆகவே பயம் மட்டும் தங்கி, அது பிறந்த கதை மறந்து போவதும் உண்டு.

ஓடினால் துரத்தும்

சரி, பயம் வந்தது. ஏன் போகவில்லை? 1947-இல் ஓ. எச். மௌரர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பல்லியைக் கண்டு அறையை விட்டு ஓடுகிறீர்கள். உடனே நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதிதான் பரிசு. பரிசு கிடைத்த செயலை மூளை மறுபடியும் செய்யச் சொல்லும். அதோடு, பல்லி ஒன்றும் செய்யவில்லை என்று கண்டறியும் வாய்ப்பையும் இழந்துவிடுகிறீர்கள். இப்படியே இருபது ஆண்டு ஓடினால், பயத்துக்கு இருபது ஆண்டு தீனி போட்டதாக ஆகும்.

பீட்டரின் முயல்

பயத்தைக் கற்க முடியுமானால், அதைப் போக்கவும் முடியுமல்லவா? 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் இதைச் செய்து காட்டினார். அவரிடம் வந்த பீட்டருக்கு மூன்று வயது நிரம்பவில்லை. முயல், உரோமக் கோட்டு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயம். முயலுக்குப் பயப்படாத குழந்தைகளோடு அவனை விளையாட விட்டார். பயம் குறைந்துகொண்டே வந்தது. இதற்கிடையில் பீட்டருக்குக் காய்ச்சல் கண்டு சுமார் இரண்டு மாதம் வரமுடியவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் பெரிய நாய் ஒன்று மேலே பாய வந்தது. அவ்வளவுதான், பழைய பயம் முழுவதும் திரும்பிவிட்டது!

மேரி ஜோன்ஸ் மனம் தளரவில்லை. பீட்டர் தனக்குப் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடும்போது, கூண்டிலுள்ள முயலை அறையின் தொலைவில் வைத்தார். அவன் சாப்பிடுவது தடைப்படாத அளவுக்கு, நாளுக்கு நாள் சற்றே அருகில் கொண்டுவந்தார். முடிவில் முயல் தன் விரலைக் கொறிக்கும்படி விட்டுவிட்டுப் பீட்டர் உட்கார்ந்திருந்தான். பிற்காலத்தில் ஜோசப் வோல்ப்பி 1958-இல் விளக்கிய படிப்படியான சிகிச்சை முறைக்கு இது முன்னோடி.

மேரி ஜோன்ஸ் வேறு குழந்தைகளிடம் பல முறைகளைச் சோதித்துப் பார்த்தார். வாயால் விளக்குவது, கேலி செய்வது, கண்ணில் காட்டாமல் ஒளித்து வைப்பது ஆகியவை பலன் தரவில்லை. பிடித்ததோடு இணைப்பதும், பயப்படாத குழந்தைகளோடு சேர்ப்பதுமே நன்கு பலித்தன.

பீட்டரின் பயம் ஒருமுறை திரும்பி வந்ததே, அதற்கும் விளக்கம் உண்டு. மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். உணவு தராமல் ஓசையை மட்டும் பலமுறை கேட்கச் செய்தால் எச்சில் நின்றுவிடும்; சற்று ஓய்வுக்குப் பின் மறுபடியும் ஊறும் என்று பாவ்லவ் கண்டார். பழைய பாடம் அழிவதில்லை. “இப்போது ஆபத்தில்லை” என்ற புதிய பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் கருத்து. ஆகவே போன பயம் ஒருநாள் எட்டிப் பார்த்தால் அது தோல்வியன்று. புதிய பாடத்தை இன்னும் சிலமுறை எழுத வேண்டும், அவ்வளவே.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்களிடம் இத்தகைய பயம் ஒன்று இருந்தால் வெட்கப்பட வேண்டாம். அது கோழைத்தனம் அல்ல, பழைய பாடம். அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இருட்டு என்றால், முதலில் கதவைத் திறந்து வைத்து ஒரு நிமிடம். பிறகு கதவைச் சாத்தி ஒரு நிமிடம். பிறகு ஐந்து நிமிடம். படபடப்பு தணியும்வரை அந்தப் படியிலேயே நில்லுங்கள். பாதியில் ஓடினால் பழைய பாடமே வலுப்படும். படி மிகப் பெரிதாகத் தோன்றினால் அதை இன்னும் சிறிதாக்குங்கள். உண்மையில் ஆபத்தானவற்றிடம் மட்டும் இந்தச் சோதனை கூடாது. பாம்புக்கும் ஆழக் கிணற்றுக்கும் பயப்படுவது அறிவுடைமையே. பயம் உங்கள் படிப்பையோ தூக்கத்தையோ கெடுக்குமானால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். லார்ஸ்-கோரான் ஓஸ்ட் என்னும் ஸ்வீடன் நாட்டு உளவியலார் 1989-இல் விவரித்த முறையில், மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் இத்தகைய பயங்கள் பலருக்குப் பெரிதும் குறைந்துள்ளன.

இன்னொரு வேலையும் உங்களுக்கு உண்டு. உங்கள் வீட்டுத் தம்பியோ தங்கையோ இருட்டைக் கண்டு அழும்போது, போர்வையைப் போர்த்திக்கொண்டு “ஊ” என்று கத்தத் தோன்றும். ஐந்து நிமிடச் சிரிப்பு கிடைக்கும். ஆனால் அந்தச் சிறுமனத்தில் நீங்கள் போடும் முடிச்சை அவிழ்க்க ஐம்பது ஆண்டும் போதாமற் போகலாம். அதற்குப் பதிலாக அந்தச் சிறு கையைப் பிடித்துக்கொண்டு, இருட்டு அறைக்குள் ஓர் அடி எடுத்து வையுங்கள். நாளைக்கு இரண்டு அடி வைக்கலாம்.