அதிவேகப் புகையிரதம்: வரவும் செலவும்

ஓர் அரசாங்கம் இருப்புப் பாதை அமைக்கத் தொடங்கும்பொழுது அதன் கணக்கேட்டில் இரு பக்கங்கள் திறக்கப்படுகின்றன. ஒரு பக்கத்திலே கடனும் வட்டியும் கட்டுமானச் செலவும் இடம்பெறும். மறுபக்கத்திலே மக்கள் மீதப்படுத்தும் நேரமும், உயிர்ப் பாதுகாப்பும், தொழில் வளர்ச்சியும் இடம்பெறும். முதற்பக்கம் விரைவில் நிரம்பிவிடும். மறுபக்கம் நிரம்பப் பல்லாண்டுகள் செல்லும். இவ்விரு பக்கங்களையும் ஒப்புநோக்குவதற்கு ஏற்ற நாடு யப்பான். உலகின் முதல் அதிவேகப் புகையிரதம் ஓடியது அங்கேதான். அதனால் விளைந்த நன்மையும், அதற்கு மக்கள் கொடுத்த விலையும் அந்நாட்டு வரலாற்றிலே தெளிவாகப் பதிந்துள்ளன.

தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலப்பரப்பு ஒன்று உண்டு. யோக்கோஹாமா, நகோயா, கியோத்தோ ஆகிய பெருநகரங்கள் அதன்மேல் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றை இணைத்த பழைய தொக்கைதோ பாதை மூன்றரை அடி அகலமே கொண்டது. நாட்டின் இருப்புப் பாதைகளின் மொத்த நீளத்தில் அது நூற்றுக்கு மூன்று பங்கு மாத்திரமே. ஆயினும் 1950களின் பிற்பகுதியில், நாட்டின் புகையிரதப் போக்குவரத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை அது சுமந்தது. மேலும் ஒரு வண்டியை விடவும் அதில் இடமில்லாத நிலை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானமும் மோட்டார் வாகனமும் பெருகிவரும் காலத்தில் புகையிரதத்தில் பணத்தைக் கொட்டுவது வீண் என்று வாதித்தோரும் அன்று பலர்.

அவ்வாதத்தை மீறி, நாலடி எட்டரை அங்குல அகலத்தில், 515 கிலோமீற்றர் நீளமான புதிய பாதை அமைக்கப்பட்டு, 1964 ஒக்டோபர் 1ஆந் திகதி திறக்கப்பட்டது. முன்னர் ஆறரை மணி நேரம் எடுத்த பயணம் நான்கு மணி நேரமாகவும், அடுத்த ஆண்டில் மூன்று மணி பத்து நிமிடமாகவும் குறைந்தது. மூன்று ஆண்டுகள் நிறையுமுன்னரே பத்துக் கோடிப் பிரயாணிகள் அதிற் சென்றனர். காலையிற் புறப்பட்டு, அலுவலை முடித்து, இரவில் வீடு திரும்புதல் சாதாரண மக்களுக்கும் இயல்வதாயிற்று. நெரிசல் நீங்கிய பழைய பாதையில் சரக்கு வண்டிகளுக்கும் இடம் கிடைத்தது.

பாதுகாப்பும் இப்பக்கத்தில் எழுதத்தக்கதே. புதிய பாதையில் தெருக்கடவை எதுவும் இல்லை. மெதுவாகச் செல்லும் வண்டிகள் அதில் விடப்படுவதில்லை. வண்டி வரம்பு மீறிய வேகத்திற் சென்றால் தடை தானாகவே இயங்கும். இவற்றின் பயனாக, வண்டிகள் மோதியோ தடம்புரண்டோ பிரயாணி ஒருவரேனும் அங்கு உயிரிழந்ததில்லை.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். தொடக்கத்தில் இத்திட்டத்தின் செலவு சுமார் 20,000 கோடி யென் என்று மதிப்பிடப்பட்டது. முடிவில் அது 38,000 கோடி யென்னாயிற்று. உலக வங்கி 1961இல் 8 கோடி டொலர் கடன் வழங்கியது. செலவு இரட்டிப்பை நெருங்கியதால் எழுந்த கண்டனத்தினிடையே, புகையிரத சேவையின் தலைவர் ஷின்ஜி சோகோ 1963இல் பதவியிலிருந்து நீங்கினார். தலைமைப் பொறியியலாளர் ஹிடியோ ஷிமாவும் உடன் விலகினார். அடுத்த ஆண்டு நடைபெற்ற திறப்பு விழாவில் அவ்விருவரும் இல்லை. உண்மைச் செலவை முன்னரே கூறியிருந்தால் பாராளுமன்றம் இசைந்திராது என்று எண்ணியே சோகோ குறைந்த தொகையைக் காட்டினார் என்பர். பாதை வெற்றிபெற்றமையால் உலகம் அதனை மன்னித்தது. ஆயினும், பணத்தைக் கொடுப்போருக்கு உண்மைக் கணக்கைக் காட்டாமை நல்ல முன்மாதிரியாகாது. எல்லாத் திட்டங்களுக்கும் அத்தகைய வெற்றி வாய்ப்பதுமில்லை.

புதிய பாதை திறக்கப்பட்ட அதே 1964இல் யப்பானிய அரசாங்கப் புகையிரத சேவை நட்டத்தில் வீழ்ந்தது. தொக்கைதோ அதிவேகப் பாதை இலாபம் ஈட்டியபோதிலும், கிராமப்புறப் பாதைகளின் நட்டம், ஊழியர் செலவு, புதுப்பாதைகளுக்காகப் பெற்ற கடன் ஆகியன ஒன்றுசேர்ந்து வளர்ந்தன. 1987இல் அச்சேவை பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபொழுது நின்ற கடன் சுமார் 37 இலட்சம் கோடி யென். அதிற் பெரும்பகுதி ஈற்றில் வரி செலுத்தும் மக்களின் தலையிலேயே விழுந்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 83 கிளைப் பாதைகள் தேசிய சேவையிலிருந்து நீக்கப்பட்டு, பஸ் சேவைகளாகவோ உள்ளூர் நிறுவனங்களின் பாதைகளாகவோ மாறின.

கணக்கேட்டில் ஏறாத செலவுகளும் உண்டு. நகோயா நகரிற் பாதையோரம் வாழ்ந்தோர் வண்டிகளின் இரைச்சலும் அதிர்வும் பொறுக்கமாட்டாது 1974இல் நீதிமன்றஞ் சென்றனர். இணக்கம் ஏற்பட 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. 1997இல் நகானோ நகருக்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டபொழுது, 1893 முதல் உசுயி கணவாய் வழியே வண்டிகள் ஏறியிறங்கிய பழைய பாதை மூடப்பட்டது. தோக்கியோவுக்குச் செல்வோர்க்கு வழி குறுகியது. கணவாயின் இருபுறத்து ஊர்களுக்கும் இடையே செல்வோர்க்கோ பஸ் வண்டியே மிஞ்சியது.

பயன் ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் ஆகும்போது பிணக்கு எழுவது இயல்பே. பிற்காலத்து அதிவேகப் பாதைகளுக்கு, வண்டிகளை நடத்தும் நிறுவனம் செலுத்தும் கட்டணம் போக, எஞ்சிய செலவில் மூன்றில் ஒரு பங்கைப் பாதை செல்லும் மாகாணம் ஏற்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. நாகசாக்கிக்குச் செல்லும் பாதையின் இடையிலே சாகா மாகாணம் உள்ளது. அது பெருநகரான புக்குவோக்காவுக்கு ஏற்கெனவே அண்மையில் இருப்பதால், அதிவேகத்தால் அம்மக்கள் மீதப்படுத்தும் நேரம் சொற்பமே. ஆதலின் தன் பங்கைச் செலுத்த அம்மாகாணம் இசையவில்லை. 2022 செப்டெம்பரில் அப்பாதையின் 66 கிலோமீற்றர் மாத்திரம், நாட்டின் ஏனைய அதிவேகப் பாதைகளோடு இணையாத துண்டாகத் திறக்கப்பட்டது. இடைவழியில் இறங்கி வண்டி மாறவேண்டிய நிலை பிரயாணிகளுக்கு ஏற்பட்டது. சாகா மக்களைக் குறுகிய மனத்தினர் என்று சிலர் குறைகூறுவர். ஆயினும், தாம் பெறும் பயனையும் தாம் இறுக்கும் பணத்தையும் எடைபோட்டுப் பார்ப்பது குடிமக்களின் உரிமையும் கடமையுமாகும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினை யாது? தொக்கைதோ பாதையின் செலவை ஈடுசெய்தது அதன் வேகம் மாத்திரமன்று. அவ்வேகத்திற்காகக் காத்திருந்த கோடிக்கணக்கான பிரயாணிகளே அதனை ஈடுசெய்தனர். பழைய பாதை நிரம்பி வழிந்தமையால் புதிய பாதை முதல்நாள் தொட்டே பயன்பட்டது. ஆகவே இத்தகைய திட்டம் எழும் எந்த நாட்டிலும் முதலிற் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. இப்பொழுதுள்ள பாதை உண்மையில் நிரம்பிவிட்டதா? உண்மைச் செலவு மக்கள் முன் வைக்கப்பட்டதா? வண்டி நில்லாமற் கடந்து செல்லும் ஊர்களுக்கு என்ன கிடைக்கும்? இம்மூன்றிற்கும் நேர்மையான விடை கிடைத்த பின்னர் வேகத்தைப் பற்றிப் பேசினாற் போதும்.