மஞ்சள் விளக்கும் மதிப்பீட்டுச் சீட்டும்

சென்ற ஐப்பசி மழையில், திண்டிவனத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மதுராந்தகத்தைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம் என் காரின் டாஷ்போர்டில் என்ஜின் வடிவமான மஞ்சள் விளக்கொன்று எரியத் தொடங்கியது. வண்டியின் ஓட்டத்தில் யாதொரு மாறுதலும் தென்படவில்லை. சத்தமில்லை, நடுக்கமில்லை, புகையில்லை. ஆயினும் பின் இருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருக்க, கண்ணெதிரே அந்தச் சிறு வெளிச்சம் அணையாமல் நிற்கும்போது மனம் அடையும் சஞ்சலத்தை, கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அறிந்திருப்பார்கள்.

இத்தகைய சமயத்தில் முதலில் கவனிக்கவேண்டியது நிறம். எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், என்ஜினுக்குள் ஆயில் பிரஷர் குன்றிவிட்டது என்று பொருள். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து சில நிமிஷங்களிலேயே என்ஜின் நாசமாகிவிடக்கூடுமாதலால், அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்ற எண்ணத்திற்கு இடமே இல்லை. ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். வெப்பத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்குக்கும் இதே விதிதான். அதோடு, சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தால் நிதானமாக வீடு சேரலாம். அதுவே விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு: ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் பற்றி எரிந்து அதனைப் பாழ்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அறிக.

இந்த மஞ்சள் விளக்கின் பூர்வீகம் புகைக் கட்டுப்பாடு. கலிபோர்னியாவில் 1988-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து தொடங்கி, 1996-இல் அமெரிக்கா முழுவதும் ஒரே முறையாக்கப்பட்ட இந்தச் சுயபரிசோதனை ஏற்பாடு, நம் நாட்டுக் கார்களிலும் 2013 ஏப்ரல் முதல் அந்த முறையை ஒட்டிக் கட்டாயமாயிற்று. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், வண்டி தன் நினைவில் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடு, அதாவது 'கோடு', வெளிப்படும். அந்தக் கோடு ஒரு லக்ஷணத்தை மாத்திரம் சொல்கிறதே தவிர, நோய் இன்னதென்றோ, மாற்றவேண்டிய உதிரிபாகம் இன்னதென்றோ சொல்வதில்லை. காய்ச்சல்மானி காய்ச்சலைக் காட்டும்; அது டைஃபாய்டா, மலேரியாவா என்று காட்டுமா?

மறுநாள் நான் சென்ற சர்வீஸ் சென்டரில் கிடைத்த கோடு பி-0141. கன்வெர்ட்டருக்குப் பின்னால் பொருத்தப்பட்ட ஆக்ஸிஜன் சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் சரியாக வேலை செய்யும் என்பதால், அதற்குள்ளேயே ஒரு சிறு ஹீட்டர் வைக்கப்பட்டிருக்கிறது; அந்த ஹீட்டரின் சர்க்யூட்டில் குறை என்பதே அக்கோட்டின் அர்த்தம். சர்க்யூட் என்றால் ஃபியூஸ், வயர், கனெக்டர், ஹீட்டர் அனைத்தும் அடக்கம். ஆனால் எஸ்டிமேட்டில் எழுதப்பட்டிருந்ததோ புதிய சென்சார், லேபர், வரி உட்பட ரூ.11,400. என்ன சோதனை செய்து பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்கேனர்லயே வந்துடுச்சு சார்" என்று பதில் வந்தது.

அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. வாரண்டி உள்ள வண்டிக்கும், ஏர்பேக், பிரேக் மின்னணுக் கோளாறுகளுக்கும் அங்கே செல்வதுதான் உசிதம் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் பாகத்தை மாற்றுவதற்குக் கூலி நிர்ணயமாகி, காரணத்தைத் தேடும் நேரத்திற்குக் கூலி எழுதப்படாத ஓர் ஏற்பாட்டில், தேடுதல் சுருங்கி மாற்றுதல் பெருகுவது தவிர்க்கமுடியாதது; அதன் பாரம் முழுவதும் மாதச் சம்பளக்காரரின் தலையில் விழுவது அநியாயம்.

சென்சாரை மாற்றச் சம்மதிக்காமல், கோட்டை அழிக்கவும் வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்துவந்தேன். கோட்டை அழித்தால், கோளாறு நேர்ந்த கணத்தின் வேகமும் வெப்பமும் குறித்த பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். பிறகு மெக்கானிக் இருட்டில்தான் தேடவேண்டும்.

எங்கள் பேட்டையில் இருபது வருஷமாகத் தொழில் செய்யும் பாய், ஃபியூஸைப் பார்த்துவிட்டு, வண்டியை லிஃப்டில் ஏற்றி, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஹீட்டர் பின்களில் வைத்தார். சில ஓம்கள் காட்டியது, ஹீட்டர் உயிரோடிருந்தது. பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. வயரை விரலால் வருடிக்கொண்டே போனவரின் கை ஓரிடத்தில் நின்றது. பற்றவைத்து, உறையிட்டு, ரூ.600 வாங்கிக்கொண்டார்.

வெளியில் வேலை செய்தால் வாரண்டி போய்விடுமே என்ற அச்சம் பலருக்கு உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிட்டாதபடி செய்ததாகப் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தபோது, வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்திற்காக வாரண்டியை ரத்துசெய்யும் பொதுவான நிபந்தனை கூடாதென்றும் கூறியது. அந்த உத்தரவின்மேல் மேல்முறையீடுகள் நடந்தன என்பதும் உண்மை. ஆகவே வாரண்டிக் காலத்தில் இருப்பவர்கள் தம் புத்தகத்தின் ஷரத்துகளைப் படித்துவிட்டே வெளியில் செல்லட்டும். எங்கே சென்றாலும், ஜாப் கார்டில் கோட்டை எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுவதும் நல்லது.

பாய் நான் கேட்காமலே, வெட்டியெடுத்த வயர்த் துண்டைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். தோல் உரிந்து, செம்பு தெரிய, இரண்டு வரிசை நுண்ணிய பல் தடங்கள்.

"ராத்திரி வண்டி நிறுத்துற எடத்துக்குப் பக்கத்துல குப்பைத் தொட்டி இருக்கா சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது.