மூன்றாவது தட்டு

அந்த ரஜினி படம் மூன்று தட்டுகளாக வந்தது. எங்கள் தேயிலை மலையில், பிரிஞ்சாங் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பா வாங்கி வந்த விசிடி. ஒரு தட்டில் 74 நிமிடந்தான் அடங்கும் என்பதால், தமிழ்ப் படங்களுக்கு மூன்றாவது தட்டு இல்லாமல் கிளைமாக்ஸ் கிடையாது. "தெனம் போட்டா தேஞ்சு போயிரும், ஞாயித்துக்கெழம மட்டும் பாருங்க" என்று சொல்லி அலமாரி உச்சியில் வைத்துவிட்டார்.

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. அவர் காலத்து இசைத்தட்டில் ஊசி உரசியது. கேசட்டில் நாடா ஹெட்டை உரசிக்கொண்டே ஓடியது. உரசினால் தேயத்தான் செய்யும். 1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோது மாறியது இதுதான்: அதிலும், அதே வகைத் தட்டான விசிடியிலும், பதிவைத் தொடுவது வெளிச்சம் மட்டும்.

தட்டின் பெரும்பகுதி 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில் அச்சால் அழுத்திய நுண்குழிகள், உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகின்றன. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டர் வரும். கிட்டத்தட்ட தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகிற தூரம். பிளேயரின் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், தட்டில் விழும்போது அதன் திறன் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. அது குழியைச் சுடாது, சுரண்டாது. ஒரே படத்தை ஆயிரம் தடவை போட்டாலும் குழி குழியாகவே இருக்கும். (எழுதி அழிக்கும் சிடி-ஆர்டபிள்யூ வேறு சாதி. அதற்குச் சுமார் 1,000 தடவை என்று கணக்கு உண்டு. அதுவும் எழுதுவதற்குத்தான், படிப்பதற்கு அல்ல.)

அடிப்பக்கத்தில் கீறல் விழுந்தால்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். கதிர் பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது. குவிந்து குழியைத் தொடும்போது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. மழைத்துளி படிந்த ஜன்னல் வழியே எதிர்ச்சரிவில் கொழுந்து எடுப்பவர்களைப் பாருங்கள். கண் தூரத்தில் குவிந்திருக்கும்போது துளிகள் தெரிவதில்லை. லேசருக்கும் அப்படித்தான், தூசியும் சின்னக் கீறலும் குவியத்துக்கு வெளியே மங்கிப்போகின்றன. அதையும் மீறித் தகவல் விட்டுப்போனால், கலைத்து அடுக்கிய பதிவிலிருந்து பிளேயர் கணக்குப் போட்டு மீட்கும். சுருளின் வழியே 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் சமாளிக்கும். தட்டை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கச் சொல்வது இதனால்தான்: சுருளோடு சேர்ந்தோடும் கீறல்தான் இந்தக் கணக்கைத் தோற்கடிக்கும். விசிடியின் படப்பதிவுக்கு, கணினிச் சிடிக்கு இருக்கும் கூடுதல் காப்பு கிடையாது. ரஜினி முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பது அதனால்.

நாம் பொத்திப் பொத்திப் பாதுகாப்பது அந்தப் பளபளக்கும் அடிப்பக்கத்தை. உயிர்நிலை இருப்பதோ படம் அச்சடித்த மேல்பக்கத்தில். குழிகளின் மேல் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன் மேல் ஒரு மெல்லிய வார்னிஷ், அவ்வளவே. எங்கள் வீட்டு மூன்றாவது தட்டின் அட்டை தொலைந்தபோது, அடையாளத்துக்காக அக்கா மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி '3' என்று எழுதினாள்.

தேயிலைக்குப் பிடித்தது தட்டுக்குப் பிடிக்காது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்க இந்த மலைக்கு வந்தது, ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தையும் குளிரையும் ஓயாத ஈரத்தையும் நம்பித்தான். அதே ஈரம் லைன் வீட்டுத் துணியில் பூஞ்சணமாகப் பூக்கும், வார்னிஷ் கிழிந்த இடத்தில் அலுமினியத்தைத் தேடிப் போகும். ஈரம் பட்ட அலுமினியம் ஒளியைத் திருப்பாத ஆக்ஸைடாக மாறிவிடும். பூஞ்சணமும் இதில் சளைத்ததல்ல. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஒருவர் வெப்பமண்டல நாடான பெலீஸிலிருந்து கொண்டுவந்த சிடியில் ஒருவகைப் பூஞ்சை அலுமினியத்தையும் பாலிகார்பனேட்டையும் தின்றிருந்தது 2001இல் தெரியவந்தது.

படம் நின்றால் தட்டின் மேல் பழி போடுவது வழக்கம். பாதி நாள் குற்றவாளி பிளேயரின் லென்ஸ். எங்கள் வீட்டில் பிளேயர் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் இருந்தது. விடியற்காலைக் குளிரில் சில்லிட்டிருக்கும் லென்ஸில் சோற்று ஆவி படிந்தால் அதற்குக் கண் மறைத்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டால் சூடேறித் தெளியும். அப்பா அதற்குத் தட்டைத்தான் சட்டையில் துடைப்பார், அதுவும் வட்ட வட்டமாக.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் சுத்தமாக ஓடின. மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். தட்டில், அக்காவின் கையெழுத்தில், ஒரு '3' வெளிச்சமாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஊசிமுனைப் புள்ளிகள், இரவு வானம் மாதிரி. பிளேயரில் போட்டேன். சுருள் உள்ளிருந்து வெளியே போகிறதல்லவா, லேசர் அந்த '3' வரைக்கும் வந்தது. வில்லன் அரிவாளை ஓங்கிய கை அப்படியே நின்றது.