படகு பேட்டரிக்கு ஒரு காவலாளி



தெப்ராவ் ஆறு ஜொகூர் நீரிணையில் சென்று கலக்கிறது. ஓய்வு நாளில் அந்தப் பக்கம் சிறு படகில் தூண்டில் போடப் போகிறவர்கள் நம் தோட்டப்புறக் குடும்பங்களிலும் உண்டு. படகில் விளக்கு எரியவும், உள்ளே தேங்கும் நீரைப் பம்பு வெளியேற்றவும், இயந்திரத்தைக் கிளப்பவும் 12 வோல்ட் பேட்டரி பயன்படுகிறது. அதன் கம்பிகளைக் காப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

"12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்பார்கள். உலர்ந்த கையால் தொட்டால் அது அதிர்ச்சி தராது, உண்மைதான். ஆனால், கம்பியின் மேலுறை தேய்ந்து, நேர்முனைக் கம்பி எதிர்முனைக் கம்பியைத் தொட்டுவிட்டால், நல்ல பேட்டரியிலிருந்து 1,000 ஆம்பியர் வரை மின்சாரம் பாயக்கூடும். கம்பி விரைவில் கொதிக்கும். மேலுறை உருகித் தீப்பிடிக்கும். பக்கத்திலேயே பெட்ரோல் தொட்டி இருக்கிறது. வீட்டில் தீ என்றால் வெளியே ஓடலாம். நடு நீரில் எங்கே ஓடுவது?

இதைத் தடுக்கும் காவலாளிதான் பியூஸ். அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்தால், அது தானே உருகி இணைப்பைத் துண்டித்துவிடும். அதை எங்கே வைப்பது? பலர் விளக்கின் அருகில் வைக்கிறார்கள். அது போதாது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் நடுவழியில் உடைந்தால், வீட்டுக் குழாயை அடைத்துப் பயன் உண்டா? தொட்டியடி வால்வைத்தானே அடைக்க வேண்டும்? அதுபோலவே பியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு அருகில் இருக்க வேண்டும். 7 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 18 சென்டிமீட்டருக்குள் வைப்பது படகுத் தொழிலில் நல்ல வழக்கம். இயந்திரத்தைக் கிளப்பும் கம்பிக்கு மிக அதிக மின்சாரம் தேவைப்படுவதால், அதில் பியூஸ் வைக்காமல் விடுவதுண்டு. அப்படியானால் அந்தக் கம்பியைக் குட்டையாக, உறைக்குள் செலுத்தி, கைக்கெட்டும் இடத்தில் ஒரு தலைமைச் சுவிட்சு வைக்க வேண்டும்.

பியூஸின் அளவைக் கம்பியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பி 30 ஆம்பியர் தாங்கும், பம்புக்கு 15 ஆம்பியர் வேண்டும் என்றால், 20 ஆம்பியர் பியூஸ் பொருத்தம். அது அடிக்கடி எரிந்தால் பெரிய பியூஸ் போடாதீர்கள்; செப்புக்கம்பியோ வெள்ளித்தாளோ சுற்றாதீர்கள். பழுது எங்கே என்று தேடுங்கள். வீட்டுச் சுவிட்சுப் பெட்டியில் உள்ள தானியங்கித் துண்டிப்பானையும் படகில் மாட்டக் கூடாது. பேட்டரியின் நேர்மின்சாரத்தில் எழும் தீப்பொறியை அதனால் அணைக்க முடியாமல் போகலாம்.

ஒன்றை மறவாதீர்கள். தளர்ந்த முனையில் உண்டாகும் சூட்டைப் பியூஸ் அறியாது. ஆகவே படகை நீரில் இறக்கும்முன் முனைகளை இறுக்கிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கம்பி உராயும் இடங்களில் ரப்பர் உறை போடுங்கள். உறை கருகும் வாடை வந்தால் உடனே தலைமைச் சுவிட்சை அணையுங்கள்.

ஒரு பியூஸின் விலை சில வெள்ளிதான். அது எரிந்தால் வேறொன்று வாங்கலாம். படகிலே போகும் பிள்ளைகளுக்கு மாற்று ஏது?