கல் உப்பு, இந்துப்பு, தூள் உப்பு... உங்க உடம்புக்குத் தேவையான அயோடின் கிடைக்குதா?

'பாக்கெட் உப்பு வேண்டாம், கல் உப்புக்கு மாறுங்க' என்று சொல்லும் ரீல்ஸ் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். கிச்சன்ல உப்பு டப்பாவை மாத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி... அந்த உப்புல அயோடின் சேர்த்திருக்காங்களா?

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி, ஹார்மோன் தயாரிக்க அயோடின் கட்டாயம் தேவை. இதை நம் உடம்பு தானாக உருவாக்காது, சாப்பாட்டில் இருந்துதான் வரணும். தொடர்ந்து குறைந்தால் சோர்வு, எடை கூடுவது, முன்கழுத்துக் கழலை எனப் பிரச்னைகள் வரலாம். குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

யாருக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஒரு நாள் அளவு இது.

* 5 வயது வரை: 90 மைக்ரோகிராம்
* 6 முதல் 12 வயது வரை: 120 மைக்ரோகிராம்
* 12 வயதுக்கு மேல்: 150 மைக்ரோகிராம்
* கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள்: 250 மைக்ரோகிராம்

கர்ப்பிணிகளுக்கு ஏன் இவ்வளவு?

கர்ப்ப காலத்தில் தைராய்டு ஹார்மோன் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கணும். சிறுநீர் வழியாக வெளியேறும் அயோடினும் கூடும். முக்கியமாக, முதல் மூன்று மாதங்களில் சிசுவின் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அம்மாவோட ஹார்மோனை நம்பித்தான் அதன் மூளை வளருது. அதனால, குழந்தைக்குத் திட்டமிடும்போதே அயோடினைக் கவனிக்கணும்.

உப்புக் கணக்கு

நம்ம கைக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம் அயோடின் இருக்கணும். அதாவது ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேதான் உப்பு சாப்பிடணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 கிராம் என்று வைத்தாலும் 75 மைக்ரோகிராம்தான் வருது. சமைக்கும்போது அதிலும் கொஞ்சம் போயிடும். அதுக்காக உப்பைக் கூட்டக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறிடும். பால், தயிர், முட்டை, கடல் மீன் இதெல்லாம் தட்டில் இருந்தால் மீதியை ஈடுகட்டலாம்.

டெஸ்ட் எடுக்கலாமா?

சிறுநீரில் அயோடின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கு. ஆனா, அது ஒரு ஊர், ஒரு மாநிலத்தின் நிலையைக் கணிக்கத்தான் சரியா வரும். தனி நபருக்கு அந்த அளவு தினமும் ஏறி இறங்கும். சந்தேகம் இருந்தால் டாக்டரைப் பார்த்து, தைராய்டு பரிசோதனை செய்துக்கலாம்.

நம்ம ஊர் நிலவரம்

2018-19-ல் நடந்த இந்திய அயோடின் சர்வேயில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் தேசிய அளவில் 76.3 சதவிகிதம். தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதம்தான். தூத்துக்குடியில் உப்பு விளையும் மாநிலத்தில் இந்த நிலை!

என்ன செய்யலாம்?

* கல் உப்போ தூள் உப்போ, பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கான்னு பாருங்க. இந்துப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகக் குறைவு.
* மூடி போட்ட டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாமல் வைங்க.
* முடிந்தவரை சமையலின் கடைசியில் உப்பு போடுங்க.
* அயோடின் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீங்க. அளவு மீறினாலும் தைராய்டு பாதிக்கும். ஏற்கெனவே தைராய்டு பிரச்னை இருந்தால், உப்பை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.