அளத்தில் முதல் வாரம்

காயல்பட்டினம், ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் சித்திரை, வைகாசி என்றால் உப்பு நன்றாக விளையும். வெயில் எவ்வளவு கொடியதோ அவ்வளவு மகசூல். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அப்போதுதான். அளத்துக் கூலியை நம்பி முதன்முதலாக வாருபலகை பிடிக்கும் பதினெட்டு, இருபது வயதுக்காரர்களுக்கு வழுக்கி விழுவதைவிடப் பெரிய ஆபத்து வெக்கைதான்.

புது உடம்பு

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும்; வியர்வையில் உப்பையும் குறைவாகவே இழக்கும். புதியவருக்கு அந்தத் தற்காப்பு இல்லை. அமெரிக்காவில் திறந்தவெளி வேலைகளில் நேரும் வெப்பச் சாவுகளில் பாதிக்கு மேல் முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன. அதனால் அங்கே புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெக்கையில் வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம் என்று பரிந்துரைக்கிறார்கள். நம் அளங்களிலோ "பையன் சுறுசுறுப்பு" என்ற பாராட்டே அவனை நிழல் பக்கம் போகவிடாது.

சிறுநீரகத்தின் கணக்கு

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத அளத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்கவும் செய்கிறார்கள். இளம்பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வர இது போதும். "நிறையத் தண்ணீர் குடிங்கள்" என்ற அறிவுரை, கழிப்பறை கட்டித் தராதவர் வாயிலிருந்து வந்தால் வெறும் பேச்சு.

கேட்டுப் பெற வேண்டியவை

குடிநீர், நிழல், ஓய்வு, கழிப்பறை, முதலுதவிப் பெட்டி: கங்காணியிடம் இவற்றைக் கேட்பது வம்பு அல்ல. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பான பணியிடத்தை முதலாளியின் கடமையாக்குகிறது; பணி நியமனக் கடிதமும் தரச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மேலாளரிடம் முறையிடும் உரிமையும் அதில் உண்டு. பதினெட்டு நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் சேர்ப்பது குற்றம். அப்படிக் கண்டால் 1098க்குச் சொல்லலாம்.

உங்கள் பங்கு

தாகம் வரும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தம்ளர் குடியுங்கள். தலை சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு வந்தால் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு உடனே சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியைப் பையில் வைத்திருந்து பயனில்லை. உப்பின் பளபளப்பு கண்ணைக் கெடுக்கும். பூட்ஸுக்குள் உப்புநீர் புகுந்தால் கழற்றி, காலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பக்கத்தில் வாருபவரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. நிழலுக்குத் தூக்கிவந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

பெயர் பதிந்ததா?

முதல் நாளே வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று பாருங்கள். ஏதேனும் நேர்ந்து இழப்பீடு கேட்கும்போது, அன்று நீங்கள் அந்த அளத்தில்தான் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.